லேசர் துப்பாக்கிக்கும் வயசாகும்

கேள்வி தேவகோட்டைத் தம்பி ஒருவருடையது. கல்லூரி நண்பர்களோடு சனிக்கிழமைகளில் காரைக்குடியில் கூடி, 2300-களில் நடக்கிற ஒரு விண்வெளிக் கதையை மேசை ஆர்.பி.ஜி.யாக, அதாவது ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துப் பகடை உருட்டிக் கதை நகர்த்தும் விளையாட்டாக, ஆடுகிறார். கதையை நடத்துகிற கேம் மாஸ்டரும் அவர்தான். அவர் கேட்டது இது: "முதல் செஷனில் வாங்கிய துப்பாக்கியும் விண்வெளி உடையும் கடைசிவரை புதுசாகவே இருக்கின்றன. தேய்மானத்துக்குச் சதவீதம் போட்டுப் பார்த்தேன், கதை போய்க் கணக்குப்பிள்ளை வேலை ஆகிவிட்டது. எதிர்கால உலகத்தில் சாமான்கள் எப்படித் தேய வேண்டும், எப்படிப் பழசாகிப் போக வேண்டும்? ஆடுகிறவர்கள் முணுமுணுக்காமல் இதைச் செய்ய முடியுமா அண்ணே?"

முடியும் தம்பி. முதலில் அந்தச் சதவீதத்தை அழித்துவிடுங்கள். அப்புறம் உங்கள் கேள்வியில் கலந்து கிடக்கிற இரண்டு விஷயங்களைத் தனித்தனியாக எடுத்து வையுங்கள். தேய்ந்த சாமான் வேலை செய்யாது. வழக்கொழிந்த சாமான் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அதற்குப் போட பேட்டரி கிடைக்காது, ஸ்பேர் வராது, திறந்து பார்க்கத் தெரிந்த ஆள் ஊரில் இருக்க மாட்டார். முன்னது சாமானுக்குள் நடப்பது, பின்னது சாமானுக்கு வெளியே நடப்பது. தேய்மானத்தைப் பகடையிடம் விடலாம். வழக்கொழிவதைப் பகடையிடம் விடக்கூடாது. அது உலகத்தை எழுதுகிறவர் எழுத வேண்டியது, அதாவது நீங்கள்.

சதவீதம் கம்ப்யூட்டர் விளையாட்டிலிருந்து வந்த பழக்கம். அங்கே எண்ணுவது இயந்திரம், யாருக்கும் கை வலிக்காது. அப்படியிருந்தும் அங்கேயே தகராறுதான். 1999-ல் வந்த ‘சிஸ்டம் ஷாக் 2’வில் துப்பாக்கிகள் சுடச்சுடத் தேய்ந்து கெட்டுப்போகும். ஆனால் தேய்கிற வேகம் நம்பும்படி இல்லை. ஆடியவர்கள் திட்டித் தீர்த்தார்கள், பிறகு வந்த பேட்ச்சில், அதாவது திருத்த நிரலில், அதை அணைத்து வைக்க வழி கொடுத்தார்கள். 2008-ன் ‘ஃபால்அவுட் 3’ல் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் எவ்வளவு தேய்ந்தது என்று காட்டும் ஒரு நிலைமைக் கோடு உண்டு, அதே வகைத் துப்பாக்கி இன்னொன்று கிடைத்தால் அதைப் பிரித்து உங்களுடையதைச் சரிசெய்து கொள்ளலாம். 2015-ல் ‘ஃபால்அவுட் 4’ துப்பாக்கித் தேய்மானத்தையே எடுத்துவிட்டு, பவர் ஆர்மர் என்கிற இயந்திரக் கவசத்துக்கு மட்டும் சேதத்தை வைத்துக்கொண்டது. 2018-ல் ‘ஃபால்அவுட் 76’ பழையபடி கொண்டுவந்தது. ஒரே தொடருக்குள் இத்தனை மனமாற்றம் ஏன் என்றால், என் கணிப்பு இதுதான்: தேய்மானம் ஆடுகிறவரிடம் ஒரு முடிவைக் கேட்டால் ரசிப்பார், சும்மா வரி வசூலித்தால் எரிச்சல்படுவார்.

முடிவைக் கேட்கும் விதிகள் மேசை விளையாட்டுகளில் ஏற்கெனவே இருக்கின்றன. ‘சைபர்பங்க் 2020’ மூன்றே தரம் வைத்திருக்கிறது: மிக நம்பகமான துப்பாக்கி, சாதாரணம், நம்ப முடியாதது. நீங்கள் எதையும் எண்ண வேண்டாம். பகடை மோசமாக விழும்போது மட்டும் அந்தத் தரம் எட்டிப் பார்க்கும். அன்றைக்குத்தான் மலிவாக வாங்கியதன் விலை தெரியும். ‘தி பிளாக் ஹேக்’ என்று 2016-ல் வந்த சின்ன விளையாட்டு. வாளும் மந்திரமுமான உலகம்தான், ஆனால் அதிலிருக்கும் பயன்பாட்டுப் பகடை எந்த நூற்றாண்டுக்கும் பொருந்தும். ஒரு சாமானுக்கு எட்டுமுகப் பகடை என்று வைத்துக்கொள்வோம். பயன்படுத்தியபின் உருட்டுங்கள், 1 அல்லது 2 விழுந்தால் ஆறுமுகமாக இறங்கும், அப்புறம் நான்குமுகம், அப்புறம் தீர்ந்தது. சராசரியாக எட்டுமுகத்தில் 4 உருட்டல், ஆறுமுகத்தில் 3, நான்குமுகத்தில் 2, ஆக மொத்தம் 9 தடவை தாங்கும். பன்னிரண்டு முகத்தில் தொடங்கினால் 20 தடவை. சராசரி அவ்வளவுதான், ஆனால் இன்றைக்கா அடுத்த மாதமா என்பது யாருக்கும் தெரியாது.

எனக்கு இன்னும் பிடித்தது ‘மியூட்டன்ட்: இயர் ஸீரோ’வில் இருப்பது. அதில் கருவிக்கென்று தனிப் பகடைகள் உண்டு. முதல் உருட்டல் சரியில்லை என்றால் ‘இன்னும் ஒரு தடவை முட்டிப் பார்க்கிறேன்’ என்று திரும்ப உருட்டலாம். அப்படி முட்டும்போது கருவிப் பகடையில் விழுகிற ஒவ்வொரு 1-க்கும் கருவியின் பலம் ஒன்று குறையும். நிதானமாக வைத்திருக்கிறவர் சாமான் நீடிக்கும், பேராசைக்காரர் சாமான் போய்விடும். கெட்டுப்போனதற்குக் கேம் மாஸ்டரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

கப்பல் விஷயத்தில் மட்டும் ‘டிராவலர்’ பக்கம் போங்கள். 1977-ல் வந்த அந்த விளையாட்டு கணக்குப் போட்டே கதை நகர்த்தும். அதிலே ஒரு சின்ன வியாபாரக் கப்பலின் விலை சுமார் 3 கோடியே 70 லட்சம் கிரெடிட் (அந்த உலகத்துக் காசு). வருடாந்திரப் பராமரிப்பு விலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 37,000 சொச்சம், கூடவே இரண்டு வாரம் கப்பல் துறையில் நிற்க வேண்டும். மாதத் தவணையோ விலையில் 240-ல் ஒரு பங்கு, 40 வருஷத்துக்கு: மாதம் ஒன்றரை லட்சத்துக்கு மேல். வருஷப் பராமரிப்புச் செலவு ஒரு மாதத் தவணையில் கால்வாசிதான்! ஆனாலும் எல்லோரும் தள்ளிப்போடுவது பராமரிப்பைத்தான், ஏனென்றால் தவணை தவறினால் கப்பலைத் தூக்கிவிடுவார்கள், பராமரிப்பு தவறினால் உடனே ஒன்றும் ஆகாது. வட்டிக் கணக்கின் பயம் இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காசு போதாதபோது சுத்திகரித்த எரிபொருளை விட்டுவிட்டு, வாயுக் கோளில் சும்மா அள்ளிக்கொண்ட எரிபொருளில் ஓட்டுவார்கள். அதில்தான் இயந்திரம் கோளாறாகும், நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போகிற தாவல் தப்பி எங்கோ போய் விழும்.

இனி, நிஜத்தில் சாமான் எப்படிச் சாகிறது என்பதைப் பார்ப்போம். எனக்கு இதுதான் ருசி. பிழைப்புக்கு இன்வெர்ட்டரும் யூபிஎஸ்ஸும் சர்வீஸ் பார்க்கிறவன் நான், பகடை ராத்திரியில்தான்.

நூறில் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறைந்து பூஜ்யத்தில் நிற்கிற இயந்திரம் அபூர்வம். பல சாமான்கள் புதுசில் கொஞ்சம் படுத்தும். தயாரிப்பில் இருந்த குறை முதல் சில வாரத்திலேயே வெளியே வரும். அதைத் தாண்டினால் நீண்ட காலம் அமைதி. அப்புறம் ஒரு கட்டத்தில் அடுத்தடுத்து எல்லாம் போகும். ஆகவே உங்கள் ஆட்டத்தில் புத்தம்புதுத் துப்பாக்கியும் சந்தேகத்துக்குரியதுதான், அரதப் பழசும் சந்தேகத்துக்குரியதுதான். நடுவயதுச் சாமானைத்தான் அனுபவசாலி கேட்டு வாங்குவார். உங்கள் கதையில் வருகிற கிழட்டு ராணுவக்காரர் "புதுசு வேண்டாம், இரண்டு வருஷம் ஓடினதைக் கொடு" என்று சொல்லட்டும்; அந்த ஒரு வசனமே உங்கள் உலகத்தை நம்ப வைக்கும்.

பேட்டரி வேறு மாதிரி. வீட்டு இன்வெர்ட்டரின் ஈய அமில பேட்டரி வயதால் மட்டும் சாவதில்லை, வைத்திருக்கிறவரின் பழக்கத்தால் சாகும். தண்ணீர் ஊற்றாமல் விடுவது, சார்ஜ் இறங்கின பேட்டரியை அப்படியே போட்டு வைப்பது. தகட்டில் சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும், அப்புறம் என்ன சார்ஜ் போட்டாலும் ஏறாது. லித்தியம் பேட்டரி சும்மா கிடந்தாலும் வயதாகும். முழு சார்ஜில் சூட்டில் கிடந்தால் இன்னும் வேகமாக. ஆகவே கைவிடப்பட்ட விண்நிலையத்தில் முப்பது வருஷம் பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறந்தால், லேசர் துப்பாக்கி பளபளவென்றுதான் இருக்கும், செல் மட்டும் செத்திருக்கும். குண்டு போடுகிற பழைய ரிவால்வர் அதே அலமாரியில் இருந்தால் அதுதான் சுடும். உங்கள் ஆட்கள் எதை எடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

தூரத்தில் இருக்கும் இயந்திரம் எப்படி மூப்படைகிறது என்பதற்கு வாயேஜர் விண்கலங்களைப் பாருங்கள். டிராவலர் வெளிவந்த அதே 1977-ல்தான் அவையும் கிளம்பின. புளூட்டோனியச் சூட்டிலிருந்து தொடக்கத்தில் சுமார் 470 வாட் மின்சாரம் கிடைத்தது. வருஷத்துக்குச் சுமார் 4 வாட் குறைகிறது. போய் ரிப்பேர் செய்ய ஆளில்லை. அதனால் ஹீட்டரை அணைக்கிறார்கள், ஒரு கருவியை நிறுத்துகிறார்கள், பிறகு இன்னொன்றை. 2023 நவம்பரில் வாயேஜர் 1 புரியாத எண்களை அனுப்பத் தொடங்கியது. நினைவகத்தில் ஒரே ஒரு சிப் போயிருந்தது. அதில் இருந்த நிரலைத் துண்டுபோட்டு மற்ற இடங்களில் திணித்து, 2024 ஏப்ரலில் திரும்பவும் பேச வைத்தார்கள். ஒரு கட்டளை போய்ச் சேரவே 22 மணி நேரத்துக்கு மேல். இதை அப்படியே ஆட்டத்துக்குள் எடுக்கலாம்: பழைய கப்பலுக்கு ஒரு மின்சார அளவு வையுங்கள், ஒவ்வொரு வருஷமும் ஒன்றைக் குறையுங்கள், எதை அணைப்பது என்று ஆடுகிறவர்களே முடிவு செய்யட்டும். உணவு வளர்க்கிற அறையா, ரேடாரா, செத்துப்போன கேப்டனின் குரலில் பேசுகிற உதவியாளனா? இதற்குப் பகடையே வேண்டாம்.

இடம் இன்னொரு பெரிய சமாச்சாரம். நம்மூர் காரைக்குடி சிக்ரிக்கு, அதாவது 1953-ல் திறந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஓர் அரிமானச் சோதனை நிலையம் இருக்கிறது. உப்புக்காற்றில் உலோகத்தை வைத்து எவ்வளவு அரிக்கிறது என்று பார்க்க அதைவிடத் தோதான இடம் கிடைக்காது. பக்கத்திலேயே பாம்பன் பழைய ரயில் பாலம். 1914-ல் திறந்தது, வாழ்நாள் முழுக்கத் துருவோடு மல்லுக்கட்டி, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள், புதிய பாலம் 2025-ல் திறந்தது. காரைக்குடியில் தாத்தா காலத்து இரும்புக் கம்பி ஜன்னல் பெயின்ட் அடித்தால் போதும் என்று நிற்கிறது. அதையே மண்டபம் கடற்கரையில் மாட்டினால் கதை வேறு.

ஆகவே தேய்மான எண்ணைச் சாமானுக்குக் கொடுக்காதீர்கள், ஊருக்குக் கொடுங்கள். ஒவ்வொரு கோளுக்கும் 0 முதல் 3 வரை ஒரு அரிப்பு எண். அங்கே கழிகிற ஒவ்வொரு வாரத்துக்கும் மொத்தக் குழுவுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஆறுமுகப் பகடை. அரிப்பு எண்ணோ அதற்குக் கீழோ விழுந்தால், ஒவ்வொருவரும் தன் சாமானில் ஒன்றைத் தானே தேர்ந்து அதன் பயன்பாட்டுப் பகடையை ஒரு படி இறக்கிக்கொள்ள வேண்டும். தேர்ந்தெடுப்பது அவர்கள் என்பதால் சண்டை உங்களோடு வராது, அவர்களுக்குள்தான் வரும். சந்திரனுக்குத் தாராளமாக 3 கொடுக்கலாம். அங்கே காற்றும் தண்ணீரும் இல்லாததால் தூசியின் முனை மழுங்குவதே இல்லை, துணியையும் மூட்டுகளையும் அரம்போல அராவும். 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 வீரர்கள், வண்டியின் மட்கார்டு உடைந்து தூசி தலையில் கொட்டியதால், வரைபடத் தாள்களை டேப்பில் ஒட்டி ஒரு மட்கார்டு செய்து மாட்டிக்கொண்டு ஓட்டினார்கள். செவ்வாயில் கியூரியாசிட்டி ஆய்வு வண்டியின் சக்கரத் தகடு முக்கால் மில்லிமீட்டர் அலுமினியம். கூர்க்கல் குத்தி, இறங்கின அடுத்த வருஷமே, 2013-ல், ஓட்டை தெரிந்தது. சக்கரத்தை மாற்ற முடியாது, ஓட்டுகிற விதத்தைத்தான் மாற்றினார்கள். உங்கள் ஆட்களுக்கும் அதையே சொல்லுங்கள்: ஸ்பேர் இல்லாத இடத்தில் ரிப்பேர் என்றால் பழக்கத்தை மாற்றுவது.

சரி, வழக்கொழிவதற்கு வருவோம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். எனாமல் தட்டு, தூக்குச் சட்டி, பெரிய சாவிப் பூட்டு, வால்வு ரேடியோ எல்லாம் ஒரே கடையில் இருக்கும். எனாமல் தட்டில் இன்றைக்கும் சாப்பிடலாம், பூட்டை இன்றைக்கும் பூட்டலாம். ரேடியோதான் மாட்டிக்கொள்ளும்: வால்வு கிடைப்பது கஷ்டம், ரிப்பேர் தெரிந்தவர்கள் குறைந்துபோனார்கள், கேட்கிற நிலையங்களும் குறைந்துபோயின. தட்டு யாரையும் நம்பி இல்லை. ரேடியோ நாலு பேரை நம்பி இருக்கிறது. இன்னும் மோசம், தனி வகை நெட்வொர்க்கில் மட்டும் ஓடிய சிடிஎம்ஏ கைபேசி. ஒரு கீறல் இல்லாமல் இருந்தாலும் சேவையை நிறுத்திய அன்றைக்கு அதன் கதை முடிந்தது. ஆகவே ஒரு சாமானை ஆட்டத்துக்குள் விடும்போது, அது யாரை நம்பி இருக்கிறது என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கம்பெனியின் செல், அந்த நெட்வொர்க்கின் அனுமதி, பக்கத்து நிலையத்தில் இருக்கிற ஒரே ஒரு மெக்கானிக். கதையில் ஒரு போர் வந்தாலோ கம்பெனி திவாலானாலோ யாருடைய சாமான் படுக்கும் என்பது உங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

பெரிய அமைப்புகளும் இதில் மாட்டியிருக்கின்றன. விண்வெளி ஓடத்தின் பூஸ்டர்களைச் சோதிக்கும் கருவிகளுக்கு பழைய இன்டெல் 8086 சிப் தேவைப்பட்டு, 2002-ல் நாசா அதை இணைய ஏலத்தில் தேடி வாங்கிக்கொண்டிருந்தது. போயிங் 747-400 விமானத்தில் வழித்தட விவரங்களை 28 நாளுக்கு ஒருமுறை ஃபிளாப்பியில் ஏற்றுவார்கள். அமெரிக்க அணு ஆயுதக் கட்டளை அமைப்பு எட்டு அங்குல ஃபிளாப்பியை 2019-ல்தான் கைவிட்டது. விலை அதிகமான இயந்திரம் அதன் உதிரிபாகங்களைவிட ரொம்பக் காலம் உயிரோடு இருக்கும் என்பதுதான் சிக்கல். உங்கள் 2300-ல் 150 வயதுக் கப்பலுக்கு இருபது வருஷம் முன்பே நின்றுபோன ஒரு வால்வுக்காக அலைவது ஒரு முழு செஷனுக்குத் தாங்கும்.

அந்த வால்வு எங்கே கிடைக்கும்? செத்த கப்பலிலிருந்துதான். செட்டிநாட்டு வீடுகளின் தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்த பிறகு அந்தப் போக்குவரத்து பழையபடி திரும்பவேயில்லை. இன்றைக்கு ஒரு நிலைக்கதவோ தூணோ வேண்டுமென்றால் இடித்த இன்னொரு வீட்டிலிருந்துதான் வர வேண்டும். ஒரு வீடு நிற்க இன்னொரு வீடு பிரிகிறது. ஃபால்அவுட் 3-ன் ரிப்பேர் விதி இந்த ஊர்க்காரர்களுக்கு உடனே புரிவதும் அதனால்தான். உங்கள் கோளில் அப்படி ஒரு தெருவே வையுங்கள்: உடைத்த கப்பல்களின் சாமான் விற்கும் தெரு, எது எந்தக் கப்பலுடையது என்று தெரிந்து வைத்திருக்கிற கடைக்காரர், அண்ணன் தம்பி பத்துப் பங்காளிகளுக்குள் ஒத்துவராததால் பிரிக்க முடியாமல் நிற்கிற ஒரு கப்பல். சிரிக்காதீர்கள், பங்குத் தகராறைவிட நல்ல வில்லன் எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் கவனியுங்கள். அநாதையாக நிற்பது பழைய சாமான் மட்டும் அல்ல, ஊரைவிட முந்திப்போன சாமானும்தான். டிராவலரில் ஒவ்வொரு உலகத்துக்கும் ஒரு தொழில்நுட்ப எண் உண்டு. 12-ஆம் படியில் செய்த துப்பாக்கியை 6-ஆம் படி உலகத்துக்குக் கொண்டுபோனால் அங்கே எல்லோரும் வாயைப் பிளப்பார்கள், ஆனால் ஒரு ஸ்க்ரூகூடக் கிடைக்காது. ‘ஷேடோரன்’ என்ற மேசை விளையாட்டு இன்னொரு பாடம் சொல்கிறது. 1989-ல் வந்தபோது அதன் ஹேக்கர்கள் வயரைச் செருகித்தான் வலைக்குள் போனார்கள். 2005-ன் நான்காம் பதிப்பில் எல்லாம் வயர்லெஸ். நடுவில் 2064-ல் உலக வலையே சரிந்தது என்று கதைக்குள்ளேயே காரணம் சொன்னார்கள். ஒரே நாளில் பழைய பெட்டிகள் குப்பை. எதிர்காலத்தைப் பற்றிய விளையாட்டுப் புத்தகமே பழசாகிவிடும் என்பதற்கும் இது சாட்சி. டிராவலரின் மிகச் சின்ன கப்பல் கம்ப்யூட்டர் ஒரு டன் இடத்தை அடைக்கும். ஆடுகிறவர் யாராவது கேலி செய்தால், கதிர்வீச்சு தாங்கும் கவசமும் மாற்றுச் சுற்றுகளும் சேர்த்துத்தான் அந்த அளவு என்று சொல்லிச் சமாளியுங்கள், தப்பில்லை.

பழசுக்கு ஒரு லாபமும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் தண்டனையாகிவிடும். வலையில் சேராத கருவியை யாரும் தூரத்திலிருந்து ஹேக் செய்ய முடியாது, பின்தொடரவும் முடியாது. அப்புறம் பழகின சாமான். ஆத்தங்குடித் தரைக்கல் நடக்க நடக்கப் பளபளக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மாதிரி, ஒரு ஆள் நெடுங்காலம் வைத்திருந்து கையாலே பிரித்து மாட்டிய துப்பாக்கிக்கு அவர் கையில் மட்டும் ஒரு கூடுதல் எண் கொடுங்கள். அதற்கு ஒரு கோணல் குணமும் வையுங்கள், குளிரில் இடதுபக்கம் இழுக்கும் என்பது மாதிரி. புதுசு வாங்க வசதி வந்தபிறகும் அவர் யோசிப்பார்.

முணுமுணுப்புக்கு மருந்து கேட்டீர்கள். முதல் செஷனுக்கு முன்பே இந்த விதிகள் உண்டு என்று சொல்லிவிடுங்கள். எதுவும் முன்னறிவிப்பு இல்லாமல் கெடக்கூடாது. முதலில் சத்தம், சூடு, வாசனை, அடுத்த தடவைதான் கோளாறு. சரிசெய்ய நேரமும் இடமும் கதையில் இருக்க வேண்டும். எல்லாச் சாமானுக்கும் இதைப் போடாதீர்கள், கயிறு கயிறாகவே இருக்கட்டும். வருகிற சனிக்கிழமை விண்வெளி உடையின் காற்று வடிகட்டியில் மட்டும் தொடங்குங்கள். அதற்கு எட்டுமுகப் பகடை. அது நான்குமுகத்துக்கு இறங்கிய வாரம் பார்த்து, அந்த வடிகட்டி செய்கிற கம்பெனி மூடிவிட்டதாகச் செய்தி வரட்டும்.